கார் ஒரு விலை, பட்டியல் ஒரு விலை

புடைவைக் கடையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்று என்று மனத்தில் தீர்மானம் செய்துகொண்டுதான் படியேறுகிறோம். கடைப் பையனும் முதலில் அதைத்தான் எடுத்துப் போடுகிறான். அப்புறம், "வாங்க வேண்டாம் அக்கா, சும்மா பாருங்க" என்று இன்னொன்றை விரிக்கிறான். அதைப் பார்த்த கண்ணுக்கு முதல் புடைவை சாயம் போனது போலத் தெரிகிறது. மோட்டார் கார் விற்கும் இடத்திலும் இதே வித்தைதான் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அங்கே ஆயிரத்தில் ஏறுவது இங்கே லட்சத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீடு நங்கநல்லூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு சிறுசேரியில் வேலை. போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து, ஆக தினமும் ஐம்பது கிலோமீட்டர். பழைய பெட்ரோல் காருக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. மாதா மாதம் பெட்ரோலுக்குப் போகிற பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் மின்சாரக் கார்தான் என்று முடிவு கட்டினோம். மின்சாரக் கார்களுக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. ஐந்தே சதவிகிதம் என்பதும் ஒரு சபலம். குடும்பத்தோடு கடைக்குப் போனோம். குடும்பம் என்றால் நான், அவர், பிளஸ் ஒன் படிக்கும் என் பெண், முழங்கால் வலியோடு என் மாமியார்.

அங்கே இருந்த தம்பி நல்ல பையன். காப்பி வரவழைத்தான். எங்கள் கணக்குக்கு உட்பட்ட காரைக் காட்டினான். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தான். "இது ஆரம்ப விலைதான் மேடம். மேற்கொண்டு உங்க விருப்பம்" என்றான். அந்த விருப்பப் பட்டியலை அப்படியே தருகிறேன். பெரிய பாட்டரி வேண்டுமென்றால் கூடுதலாக 2 லட்சம். கண்ணாடிக் கூரை, காற்று வீசும் இருக்கை, தானாகப் பிரேக் பிடிக்கும் யந்திரம், எட்டு ஸ்பீக்கர், பெரிய சக்கரம் எல்லாம் அடங்கிய உச்ச ரகத்துக்கு 1,60,000. வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜர் 70,000. மேலுறை, மிதியடி, பளபளப்புப் பூச்சு அடங்கிய 'கிட்' 42,000. வாரண்டியை நீட்டிக்க 28,000. நான் மனக்கணக்கில் கூட்டினேன். மிகச் சரியாக ஐந்து லட்சம்!

ஐந்து லட்சம் என்றதும் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே ஞாபகம் வந்தது. பெண்ணின் கல்லூரிக்கென்று பாங்கில் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறோமே, அதுவும் ஐந்து லட்சம்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவர்தான் ஆரம்பித்தார்: "அவள் காலேஜ் சேர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அதுக்குள்ளே திரும்பப் போட்டுடலாம்." பின் இருக்கையில் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு நான் அந்தத் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் இந்தத் தாள் ஒரு நாள் வரத்தான் போகிறது.

இந்தப் பட்டியல் வியாபாரம் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாடல் டி காரை லட்சக்கணக்கில் செய்து விற்றாரே ஹென்றி ஃபோர்டு, அவருடைய மனைவி கிளாரா ஃபோர்டு எந்தக் காரில் போனார் தெரியுமோ? 1914-ம் வருஷத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்சாரக் காரில்! அந்தக் கார் இன்றும் டியர்பார்ன் நகரில் ஃபோர்டு பெயரிலுள்ள காட்சிசாலையில் இருக்கிறது. அக்காலத்துப் பெட்ரோல் வண்டியை முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லையும் இல்லை, புகையும் இல்லை. ஆகவே சீமாட்டிகள் அதை விரும்பினார்கள். அதே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கம்பெனி, சாதாரண ஈயப் பாட்டரிக்குப் பதிலாக எடிசன் கண்டுபிடித்த நிக்கல்-இரும்புப் பாட்டரி வேண்டுமென்றால் 600 டாலர் கூடுதல் என்று வைத்திருந்தது. 1914-ல் ஒரு முழு மாடல் டி காரே அதற்குக் குறைந்த விலையில் கிடைத்தது! ஆக, "பெரிய பாட்டரி போடட்டுமா, அம்மா?" என்ற கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

சரி, அந்தப் பெரிய பாட்டரிக்கே வருவோம். பட்டியலில் பெரிய புள்ளி அதுதான்.

பாட்டரியின் அளவைக் கிலோவாட்-அவர் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள், நம் மின்சார பில்லில் வருகிற அதே யூனிட்தான் அது. எங்களுக்குக் காட்டிய காரில் சின்னது ஏறக்குறைய 40 யூனிட் பிடிக்கும், பெரியது 50. நகரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் போகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் ஆறுக்கு வந்துவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் பரிசோதனைச் சாலையில் கிடைக்கும் தூரம். குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு நாலு பேர் ஏறிப் போகிற நமக்கு அதில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் வராது.

"திருநெல்வேலிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார் அவர். அவருடைய ஊர் அது. வருஷத்தில் இரண்டு தடவை போவோம். 620 கிலோமீட்டர். நியாயமான கேள்விதான். பென்சிலை எடுத்தேன். சின்னப் பாட்டரியானால் வழியில் மூன்று இடத்தில் நின்று வேக சார்ஜ் ஏற்ற வேண்டும். பெரிய பாட்டரியானால் இரண்டு இடம் போதும். ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆக, பெரிய பாட்டரி ஒரு பயணத்துக்கு ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கிறது. போகவர இரண்டு மணி, வருஷத்துக்கு நாலு மணி. பாட்டரிக்குக் கம்பெனிகள் பெரும்பாலும் எட்டு வருஷமாவது உத்தரவாதம் தருகின்றன. எட்டு வருஷத்துக்கு 32 மணி நேரம். இரண்டு லட்சத்தை அதனால் வகுத்தால் மணிக்கு 6,250 ரூபாய்!

"உளுந்தூர்ப்பேட்டையிலே ஒரு மணி நேரம் உட்கார்ந்து டிபன் சாப்பிட உங்களுக்கு 6,250 ரூபாய் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "நாம போற நேரத்துல அங்கே சார்ஜர் ரிப்பேரா இருந்தா? முன்னாலே நாலு வண்டி நின்னா?" என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். தீபாவளி, பொங்கல் சமயத்தில் நிச்சயம் நடக்கும். இன்னொன்றும் சொன்னார்: பாட்டரிக்கு வயதாக ஆகக் கொள்ளளவு கொஞ்சம் குறையும், பெரியதில் அந்தக் குறை உறைக்காது. இரண்டையும் என் தாளில் அவர் பக்கத்துக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

என் நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து தினமும் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறாள். தினம் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். அவள் என்னைக் கேட்டால், பெரிய பாட்டரியை யோசிக்காமல் வாங்கு என்றுதான் சொல்வேன். தினசரி ஓட்டம் எவ்வளவோ அதை வைத்துத்தான் பாட்டரி வாங்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் விருந்தாளிக்காக யாராவது ஆறு கட்டில் வாங்கிப் போடுவார்களா?

இவ்வளவு கணக்கும் போட்டு முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் அது. கார் நிற்கும் தரைத்தளத்தில் எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் கிடையாது. வீடு இருப்பது மூன்றாவது மாடியில். பிளக் போடக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால்? வாரத்துக்கு ஒரு முறை வெளியே எங்காவது போய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். அப்போது தினம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சின்னப் பாட்டரி வாரம் முழுவதும் தாக்குப்பிடிக்காது. பெரியதுதான் வேண்டும். டெபாசிட்டை உடைக்கத்தான் வேண்டும்.

பாருங்கள், நாங்கள் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம்! பட்டியலில் என்னென்னவோ இருந்தது. எல்லாவற்றையும் தீர்மானிக்கிற அந்தச் சுவர்ப் பிளக் அதில் இல்லை. கடைத் தம்பியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் உங்கள் கார் நிற்கும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நானே போனேன். செயலாளர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர். "பொது மின்சாரத்துலே உங்க காருக்குச் சார்ஜ் போட்டா நாங்க பில் கட்டணுமாம்மா?" என்று ஆரம்பித்தார். "இல்லை சார், தரைத்தளத்திலே எங்க மீட்டர் இருக்கே, அதிலிருந்து தனியாக வயர் இழுத்துக்கொள்கிறோம். யூனிட் எல்லாம் எங்க பில்லில்தான் வரும்" என்றேன். முதல் மாடி அம்மாளுக்கு நெருப்புப் பயம். அவர்கள் வீட்டு மின்சார ஸ்கூட்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி வைத்திருந்து, ஒரு நாள் அந்தப் பெட்டி உருகிக் கறுத்துப் போயிருந்தது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் எல்லாம் போட்டு, லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யப்போகிறோம் என்று சொன்னேன். வீட்டில் இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "எங்க பையனும் இதே மாதிரி ஒரு வண்டிதான் வாங்கணும்னு சொல்லிட்டிருக்கான்" என்றார் கடைசியில். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். நீங்களும் எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை அடுத்த செயலாளர் வரும் வரைதான்.

பிளக் நிச்சயமானதும் பட்டியலில் ஒரு வரி தானாகவே அடிபட்டுப் போயிற்று. சுவரில் மாட்டும் சார்ஜர், 70,000! இப்படித் தனியாக விலை கேட்பது ஏதோ ஒரு கம்பெனியின் வழக்கம் என்று எண்ண வேண்டாம். நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் கார் 2025 ஜனவரியில் வந்தபோது 11 கிலோவாட் சுவர் சார்ஜருக்கு 73,000 ரூபாய் தனி. மஹிந்திராவின் பி.இ. 6 வண்டி வந்தபோது 7.2 கிலோவாட்டுக்கு 50,000, 11.2-க்கு 75,000. இது என்ன செய்யும் என்றால், சீக்கிரம் ஏற்றும். சரி, யாருக்கு அவசரம்? வீட்டில் கிரைண்டருக்குப் போடுகிறோமே பதினைந்து ஆம்பியர் பிளக், அதே ரகத்தில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். எங்கள் ஐம்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். இரவு பத்து மணிக்குச் சொருகினால் ஒரு மணிக்கு முடிந்தது. காலை ஆறு வரை விட்டால் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு ஏறிவிடும். வண்டி தூங்குகிற நேரத்தில் மெதுவாக ஏறினால் யாருக்கு நஷ்டம்? 11 கிலோவாட் சார்ஜருக்கு மூன்று பேஸ் இணைப்பும் வேண்டும். உங்களுக்கு அனுமதித்த மின்பளு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார் இருந்தாலோ, தினமும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல் ஓடினாலோ அது பிரயோசனப்படும். எங்களுக்கு வேண்டாம்.

வயர், பிரேக்கர், எர்த் குழி, கூலி எல்லாம் சேர்ந்து 32,000 ஆயிற்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். எட்டு மணி நேரம் தொடர்ந்து இவ்வளவு மின்சாரம் இழுக்கிற பொருள் நம் வீட்டில் வேறு எதுவும் கிடையாது. மெல்லிய வயரில் ஓட்டினால் சுவருக்குள் சூடேறும்.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்டுக்குமேல் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் மாறிவிடுகிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னமும் வெகு மலிவுதான். ஆனால் முதல் பில்லைப் பார்த்து மயக்கம் போடாமல் இருக்க முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தபடி உச்ச ரகம், 1,60,000. நம் ஊர் வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். காற்று வீசும் இருக்கை மட்டும் போதும் என்றால் கொடுக்க மாட்டார்கள். வெண்டைக்காய் கேட்டால் பூசணிக்காயையும் சேர்த்துத்தான் கட்டித் தருவேன் என்கிற கதை. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். அந்த மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சாமானும் பிறகு வெளியே வாங்கிப் போட முடியுமா முடியாதா என்று எழுதிப் பார்த்தேன். ஸ்பீக்கர், மேலுறை, மிதியடி எல்லாம் ஜி.பி. ரோட்டில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். பின்னால் போட முடியாதவை என்று மிஞ்சியவை பாட்டரி, தானியங்கிப் பிரேக், சுற்றிலும் காட்டும் காமிரா, காற்று வீசும் இருக்கை, கூரை இவைதாம். (ஸ்பீக்கரானாலும் மின்சாரக் காரில் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். வாரண்டி போய்விடும்.)

கண்ணாடிக் கூரையின் விதியை என் மாமியார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தம்பி பொத்தானை அமுக்கித் திரையை விலக்கிக் காட்டினான். பெண் "அய், சூப்பர்!" என்றாள். மாமியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏலே, மெட்ராசுல வெயிலைக் காசு கொடுத்தா வாங்கணும்?" என்றார் பிள்ளையிடம். தம்பி திரையை மூடிவிட்டான். மலைப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு அது ஆனந்தமாக இருக்கலாம். சித்திரை மாதத்தில் தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்குக் கூரைக் கண்ணாடி கூடுதல் சூடு, குளிர்சாதனத்துக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

மாமியாரிடமிருந்து கற்ற இன்னொரு பாடமும் உண்டு. அவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து, இருபது நிமிஷம் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடையில் இருந்தவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். மின்சாரக் காரில் பாட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. அதனால் பல வண்டிகளில் தரை கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. இருக்கையின் உயரம் அதற்கேற்றபடி கூடாவிட்டால், குத்துக்காலிட்ட மாதிரி முழங்கால் மேலே வந்து, தொடைக்கு ஆதாரமே இருக்காது. முதல் ஐந்து நிமிஷத்தில் இது தெரியாது. நாங்கள் முதலில் பார்த்த வண்டியில் பதினைந்தாவது நிமிஷம் அவர் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார். அதோடு அந்த வண்டியை விட்டுவிட்டோம். இரண்டாவது கடையில் இருந்த வண்டியில் இருபது நிமிஷம் ஆன பிறகும், "இங்கயே காப்பி கொண்டாரச் சொல்லு" என்றார். அங்கும் பாட்டரி அளவு, பட்டியல், விலை எல்லாம் ஏறத்தாழ முந்தியதைப் போலத்தான். முழங்காலுக்கு எந்தப் பட்டியலிலும் விலை போடவில்லை. ஆனால் எங்களுக்கு வண்டியையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அதுதான்.

காற்று வீசும் இருக்கையை ஆடம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன். முதுகுப் பக்கமிருந்து சிறு விசிறி காற்றை இழுக்கிறது. முழுக் காரையும் குளிர்விப்பதைப் பார்க்க அதற்கு ஆகும் மின்சாரம் மிகக் கொஞ்சம். வியர்த்து வழிகிற நம் ஊரில் அதற்குப் பணம் கொடுக்கலாம் என்று மனம் மாறினேன். தானாகப் பிரேக் பிடிப்பது, கோட்டுக்குள்ளேயே வண்டியை வைத்துக்கொள்வது பற்றி இவருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம். ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஓர் ஆட்டோ குறுக்கே நுழைந்ததும் வண்டி தானே வெடுக்கென்று பிரேக் போட்டது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரருக்கும்தான். நெடுஞ்சாலையில் அடிக்கடி இரவில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஓட்டம் பகலில், நெரிசலில். ஆறு காற்றுப்பைகளும் சறுக்காமல் காக்கும் சாதனமும் கீழ் ரகத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப் பரிசோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுக்கொண்டேன். இவை இல்லாவிட்டால் வேறு எது இருந்தும் வேண்டாம்.

பெரிய சக்கரம் பார்வைக்கு மட்டும். டயர் விலை கூடும், போகிற தூரமும் சற்றுக் குறையும். அதைவிட, மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல மின்சாரக் கார்களில் பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டுந்தான்.

பட்டியலில் பொடி எழுத்தில் இருந்த ஒரு சாமானை நானே தேடிப் பிடித்தேன். காரின் பாட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் ஒரு பிளக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது எங்களுக்கு மூன்று நாள் மின்சாரமில்லை. தோசை மாவு, மாமியாரின் இன்சுலின், கைப்பேசி எல்லாமே தவித்தன. இந்தப் பிளக் இருந்திருந்தால் ஒரு சிறு ஃபிரிட்ஜையும் இரண்டு மின்விசிறியையும் நாள்கணக்கில் ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்த வயரை வீட்டு ஸ்விட்ச் போர்டில் மட்டும் சொருகிவிடாதீர்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும். பொருளை நேராகக் காரோடுதான் இணைக்க வேண்டும். 2024 அக்டோபர் மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, நாங்களும் அப்படி ஏதாவது மேட்டுக்கு ஓட்டிவிட்டால்தான் மற்ற பேச்சு. தண்ணீரில் மூழ்கிய காரை எந்தக் காரணத்துக்கும் சார்ஜில் போடக்கூடாது.

பாட்டரியை வாடகைக்கு எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் வந்தபோது, காருக்கு 9,99,000 ரூபாய், பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிற எங்களுக்கு அது மாதம் 4,200, மின்சாரச் செலவு தனி. கடன் தவணைக்கு வேறு பெயர் என்றுதான் எனக்குப் பட்டது. குறைவாக ஓடுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்ஷூரன்ஸைக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்து, தேய்மானம் கழிக்காத பாலிசியும், பாட்டரிக்கும் வெள்ளத்துக்கும் பாதுகாப்பும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்தோம். 42,000 ரூபாய் 'கிட்' வேண்டாம் என்றபோது அந்தத் தம்பியின் முகம் வாடியது. மிதியடி மட்டும் வாங்கினேன், பாவம்.

கடைசியில் சின்னப் பாட்டரி, நடு ரகம். நடு ரகத்திலேயே காற்று வீசும் இருக்கையும் காமிராவும் வந்துவிட்டன. அதற்குக் கூடுதலாக 70,000. பிளக்குக்கு 32,000. இரண்டும் சேர்ந்து 1,02,000. என் சீட்டுப் பணம் அதற்குச் சரியாக இருந்தது. வாரண்டி நீட்டிப்பை அடுத்த வருஷமும் எடுக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தள்ளிப் போட்டோம். பாங்கு ரசீது பழைய இடத்திலேயே, பீரோவில் பட்டுப் புடைவைக்கு அடியில் இருக்கிறது. இதைப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் தானாக வந்து, "பெரிய பாட்டரி இல்லேன்னா ஆச்சி ஊருக்குப் போறப்ப மூணு இடத்துல நிக்கணும், இல்லே? எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றாள்.

நிறத்தை மட்டும் அவருக்கே விட்டுவிட்டேன். சிவப்பு வேண்டுமாம். அதற்குத் தனியாகப் பணம் உண்டா என்று இரண்டு முறை கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் சரி என்றேன்.